நுரை வராத பை

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று மூன்று பிள்ளைகளை நடக்க வைத்தேன். அப்படிச் சொல்வதே தப்பு. அவர்கள் நடந்தார்கள், நான் மரம் மாதிரி நின்றேன். இந்த ஆய்வில் என் வேலையே அதுதான்.

பழைய கட்டடத்தின் பின் வராந்தா. இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு, தரையில் டேப். ஆறு நிமிடத்தில் ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கிறது என்று அளக்க வேண்டும். நடுவில் நான் பேசக்கூடியது அட்டையில் அச்சடித்துக் கொடுத்த வாக்கியங்கள் மட்டும். "நன்றாகச் செய்கிறீர்கள். இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது." அடுத்த நிமிடம், நான்கு. எல்லாம் ஒரே குரலில். சபாஷ் கூடாது, கைதட்டக் கூடாது, சிரிப்பு கூடாது. ஒரு சபாஷுக்குப் பிள்ளைகள் கூடுதலாக ஒரு சுற்று போய்விடுவார்கள், அது மருந்தின் பேரில் ஏறிவிடும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருக்கிறார். வாஸ்தவம்தான். ஆனால் பக்கவாதம் வந்தவர்களை "வாங்க ராஜா, இன்னும் ஒரே அடி" என்று கெஞ்சிக் கெஞ்சியே காலத்தை ஓட்டிய பிசியோதெரபிஸ்ட் நான். என் வாயைக் கட்டிப்போட்டால் எனக்கு என்ன மிச்சம்?

வக்கீலம்மா இன்றும் விடவில்லை. பதினாறு வயது, உயரம் என் இடுப்பு வரை, தொண்டை கட்டிய மாதிரி ஒரு குரல், எதற்கெடுத்தாலும் ஒரு வாதம். அந்தப் பேரை நர்ஸ் வைத்தார். பதிலுக்கு அவள் எனக்கு வைத்த பேர் ரோபோ மேடம்.

"மேடம், நான் மயங்கி விழுந்தாலும் 'நன்றாகச் செய்கிறீர்கள்'னுதான் சொல்வீங்களா?"

அட்டையில் அதற்குப் பதில் இல்லை.

குருவிக்கு ஒன்பது வயது. கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு தத்தித் தத்திப் போவாள். அவளுக்கு அந்த வாக்கியம் ரொம்பப் பிடிக்கும். "என்னை யாருமே 'ங்க' போட்டுப் பேசினதில்ல மேடம்" என்றாள்.

இவர்கள் உடம்பில் ஒரு நொதி பிறவியிலேயே இல்லை. செல்லுக்குள் சேரும் கழிவை அரைத்துத் தள்ளுகிற நொதி. அது இல்லாததால், குப்பை வண்டி வராத தெரு மாதிரி எலும்பிலும் மூட்டிலும் தொண்டையிலும் எல்லாம் தேங்கிவிடுகிறது. புத்திக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை, அதனால் நடப்பது அத்தனையும் அவர்களுக்குத் தெரியும். அந்த நொதியை வெளியில் தயாரித்து வாராவாரம் டிரிப்ஸில் ஏற்றிப் பார்ப்பதுதான் ஆய்வு. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று கீழ்த்தளத்தில் பையைத் தயார் செய்யும் பார்மசிக்காரருக்கு மட்டுமே தெரியும். மருந்து வேலை செய்கிறது என்று ஆனால் கடைசியில் எல்லாருக்கும் கொடுப்பார்கள். இல்லை என்று ஆனால் எல்லாருக்கும் நின்றுவிடும்.

ஏப்ரல் 9

வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கணவரிடம் "நன்றாகச் செய்கிறீர்கள்" என்றேன். ஈர நாரைத் தூக்கி என் மேல் எறிந்தார். "வராந்தாக் குரலை வராந்தாவோட வெச்சுக்கோ." ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவருக்குப் பொறுமை அதிகம் என்று யார் சொன்னது?

மே 6, செவ்வாய்

குருவி போன மாதத்தைவிட நன்றாகவே நடந்தாள். கடைசி நிமிடத்தில் மூச்சு இரைத்தும் விடவில்லை. அவள் அம்மா கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், இவளுக்கு நெஜ மருந்துதானே?"

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

"உங்க முகத்தைப் பாத்தா தெரியுது."

என் முகத்தில் என்ன இருந்தது? இனி முகத்துக்கும் ஒரு அட்டை வேண்டும் போல.

வக்கீலம்மாவின் தூரம் குறைந்திருக்கிறது. அவள் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. தையல்காரர். அவளுக்குக் கை தோளுக்கு மேல் எழும்பாது, அதனால் அவள் சட்டைகள் எல்லாம் முன்னால் திறக்கிற மாதிரி அவரே தைத்தவை. ஒவ்வொரு சட்டையிலும் பொத்தான் வேறு வேறு நிறம். அவள்தான் அப்படிக் கேட்பாளாம்.

மே 20

டிரிப்ஸ் அறை. மாட்டுவதற்கு முன் மேசையில் இருந்த குருவியின் பையை வக்கீலம்மா விரலால் சுண்டிப் பார்த்தாள். பிறகு தன் பையை. "என்ன பண்றே?" என்றேன். "கொசு" என்றாள்.

பைக்கு மேலே காகித உறை போட்டிருக்கிறார்கள். அடியில் ஒரு விரல் அளவுக்குத் தெரியத்தான் செய்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

எனக்குச் சரியாகப் படவில்லை.

வக்கீலம்மா இன்று இன்னும் குறைவு. ஆனால் நெற்றியில் வியர்வை இல்லை. விரலில் மாட்டும் கருவியில் நாடித்துடிப்பு உட்கார்ந்திருந்தபோது இருந்ததைவிடப் பெரிதாக ஏறவே இல்லை. கூம்பைச் சுற்றித் திரும்பும்போது ஒரு நொடி நின்று நின்று திரும்பினாள். முடியாதவர்கள் அப்படி நிற்க மாட்டார்கள், சுவரைத் தேடுவார்கள். இத்தனை வருஷமாக முடியாதவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

மாலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் வந்துவிட்டது. அப்பா முன்னால் ஓடினார். பின்னாலேயே அவளும், அந்தக் குட்டைக் கால்களோடு, விடுவிடென்று. பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள்.

வேண்டுமென்றேதான் மெதுவாக நடக்கிறாள். ஏன்?

ஜூன் 5

எழுதிக் கொடுத்தால் அவளை ஆய்விலிருந்து எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் கடைசியில் மருந்து கிடைக்காமல் போகலாம். எழுதாவிட்டால் நான் அங்கே எதற்கு நிற்கிறேன்? ஒரு கூம்பைக் கூடுதலாக வைத்தால் போதுமே.

"முதல்ல அவகிட்டயே கேளு" என்றார் இவர். அட்டையில் இல்லாததைக் கேட்க எனக்கு அனுமதி இல்லை என்று சொன்னேன். "வராந்தாவிலதானே அனுமதி இல்ல?" என்றார். சில நேரம் இவருக்கு மூளை வேலை செய்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

கேட்டுவிட்டேன்.

டிரிப்ஸ் முடியப் போகிற நேரம். பெரியவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள், குருவி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏன் மெதுவா நடக்கறே?"

"முட்டி வலி."

"பொய். நீ பஸ்ஸுக்கு ஓடினதை நான் பார்த்தேன்."

கொஞ்ச நேரம் என்னை எடை போட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"ஏப்ரல்லேருந்தே பாக்கறேன். பையைச் சுண்டினா அவளுக்கு நுரை வருது. எனக்கு வரல. நொதின்னா புரதம் மேடம். முட்டையை அடிச்சா நுரைக்குதுல்ல, அந்த மாதிரி. என்னுது வெறும் தண்ணி."

"சரி, அதுக்கு?"

"அதுக்கு என்ன அதுக்கு? தண்ணி ஏத்திக்கிறவளும் நல்லா நடந்துட்டா, மருந்து எதுக்குன்னு கேப்பாங்க. நான் மோசமா நடந்தாத்தான் மருந்து ஜெயிக்கும். ஜெயிச்சா அவளுக்கு நிறுத்த மாட்டாங்க. நான் யோசிச்சுத்தான் செய்றேன்."

"நீ நினைக்கிறது தப்பா இருந்தா?"

"நான் இதுவரைக்கும் தப்பா சொன்னேன்னு யாரையாவது சொல்லச் சொல்லுங்க, பாக்கலாம்."

தண்ணீர்தான் என்று நினைக்கிறாயே, கோபம் வரவில்லையா என்று கேட்டேன். முதல் வாரம் வந்ததாம். குருவியைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு எலும்பெல்லாம் செட் ஆயிடுச்சு மேடம். இனிமே மருந்து ஏறினாலும் நான் வளரப் போறதில்ல. அவ வளருவா. அவகிட்டயும் சொல்லிட்டேன், உன்னுதுதான் நெஜம்னு. அதுலேருந்து எப்படி நடக்கறா பாத்தீங்கல்ல?"

டாக்டரிடம் இதைச் சொல்லியாக வேண்டும் என்றேன். "சொன்னா என்னைத் துரத்திடுவாங்க" என்றாள். "தெரியாது" என்றேன். "அப்போ சொல்லாதீங்க" என்றாள். அவ்வளவுதான், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட முடியல. பதினாறு வயசுப் பொண்ணு, தன் காலைத் தானே கட்டிக்கிட்டு நடக்கறா, இன்னொருத்திக்காக. இதை நான் எந்த வாயால போய்ச் சொல்றது? ஆனா அவ நெனச்சது தப்பா இருந்தா — அவளுக்கு ஏறுறது நெஜ மருந்தா இருந்தா — அவ ஒவ்வொரு தடவையும் அந்த மருந்தைத்தானே தோற்கடிக்கிறா? குருவியையும் சேர்த்து?

சொல்லத்தான் வேண்டும்.

ஜூன் 12

சொன்னேன். பெரிய டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"இந்த நோய்க்கு ஆய்வுல சேரப் பிள்ளைங்க கிடைக்கிறதே கஷ்டம். இருக்கிற கொஞ்சப் பேர்ல ஒருத்தி பொய்யா நடந்தா, எல்லார் முடிவும் கோணிடும். அவ அப்பாவை வரச் சொல்லுங்க."

யாருக்கு எது என்று அவருக்கும் தெரியாது. அவர் முகத்தில் நான் எதையோ தேடினேன். குருவியின் அம்மா என் முகத்தில் தேடின மாதிரி.

ஜூன் 24

முடிவு வந்தது. வெளியே அனுப்பவில்லை. பொய்யாக நடந்தால் குருவியின் மருந்தும் சேர்ந்து போகலாம் என்று டாக்டர் அவளிடமே விளக்கினாராம். இதுவரை நடந்ததைத் தனியாகக் குறித்து வைப்பார்கள். செப்டம்பரில் வரும் கடைசி நடைதான் கணக்கு. பைகளுக்கு இனி அடிவரை மூடும் துணி உறை. அதைத் தைத்துத் தருவதாக வக்கீலம்மாவின் அப்பா தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இன்று கொண்டுவந்துவிட்டார். கறுப்புத் துணி, அடியில் சுருக்குக் கயிறு, ஒரு பிசிறு இல்லை.

"திட்டினீங்களா?" என்று கேட்டேன்.

"எப்படிங்க திட்டறது? அவ அம்மா போனப்புறம் அவ இன்னொருத்தருக்காக ஒண்ணு செஞ்சு இப்பத்தான் பாக்கறேன்."

அவள் என்னோடு பேசுவதில்லை. ரோபோ மேடம் என்றுகூட இல்லை.

ஜூலை 15

குருவி வராந்தாவில் இரண்டு முறை தடுக்கினாள். கை மரத்துப்போகிறது, பென்சில் நழுவுகிறது என்று அவள் அம்மா சொன்னாள். உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். அட்டையில் அதற்கு மட்டும் அனுமதி உண்டு.

ஜூலை 18

கழுத்தெலும்பு நரம்புத் தண்டை நெரிக்கிறதாம். ஸ்கேன் படத்தில் காட்டினார்கள். இந்த நோயில் வரக்கூடியதுதான். வரக்கூடியதுதான் என்று எல்லாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

"மருந்து ஏறுதே மேடம், அப்புறம் எப்படி?" என்று அம்மா கேட்டாள். அவளுக்கு நான் என்ன சொல்வது?

ஜூலை 29

ஆபரேஷன் முடிந்தது. தொண்டைக் குழாய் இறக்கவே மயக்க டாக்டர் படாத பாடு பட்டாராம். பிழைத்துக்கொண்டாள். கால் இன்னும் அசையவில்லை.

வக்கீலம்மா ஐ.சி.யூ. வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி அவளுக்கு எப்போதும் உயரம். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். அவள் எழுந்து போகவில்லை.

ஆகஸ்ட் 19

குருவி சக்கர நாற்காலியில் டிரிப்ஸ் அறைக்கு வந்துவிட்டாள். கழுத்தில் பட்டை. வலது கால் கட்டைவிரலை அசைத்துக் காட்டினாள். அறையில் இருந்த எல்லாரும் ஒரு கால் விரலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கடைசி நடை. குருவியின் தாளில் 'இயலவில்லை' என்று எழுதினேன்.

பிறகு வக்கீலம்மா. மாதக்கணக்கில் வாய் திறக்காதவள், கோட்டில் நின்றுகொண்டு கேட்டாள்:

"நான் ஒழுங்கா நடந்தா அவளுக்கு மருந்து போயிடும்ல?"

அட்டையைப் பார்த்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படித்தேன். "உங்களால் முடிந்த அளவு தூரம் நடக்க வேண்டும். தேவைப்பட்டால் நிற்கலாம்." என் வாழ்க்கையில் இவ்வளவு கேவலமாக நான் எதையும் படித்ததில்லை.

நடந்தாள். நிஜமாகவே நடந்தாள். முதல் கூம்பைத் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய, முட்டி முட்டியோடு உரச, அழுதுகொண்டே. கண்ணைத் துடைக்கக் கை எட்டாது, அதனால் துடைக்காமலே நடந்தாள். கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் குருவியின் நாற்காலி. உள்ளே விடக் கூடாது என்பது விதி, அங்கேயே இருந்தாள்.

"நன்றாகச் செய்கிறீர்கள். இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது" என்ற இடத்தில் என் குரல் உடைந்துவிட்டது. அதையும் தாளில் எழுதி வைத்தேன்: 'அளவெடுப்பவரின் குரல் மாறியது.' படிக்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

முடிந்ததும் அங்கேயே தரையில் சாய்ந்துவிட்டாள். ஏப்ரலில் நடந்ததைவிட ரொம்ப தூரம். தண்ணீரால் இப்படி ஆகுமா? கேட்கக் கூடாது. கேட்கவில்லை.

அக்டோபர் 28

ஒன்றும் இல்லை. எல்லா ஊர்களிலிருந்தும் கணக்கு வர வேண்டுமாம். காத்திருக்கிறோம்.

ஜனவரி 20, செவ்வாய்

ரகசியத்தைத் திறந்துவிட்டார்கள்.

மருந்து வேலை செய்கிறது. மயிரிழையில் என்றார் பெரிய டாக்டர். எல்லாருக்கும் கொடுக்கப் போகிறார்கள். கேட்டதும் நர்ஸ் என்னைக் கட்டிக்கொண்டார். அதன் பிறகு யார் யாருக்கு எது என்று வாசித்தார்கள்.

வக்கீலம்மாவுக்கு ஏறியது நிஜ மருந்து. குருவிக்கு வெறும் தண்ணீர்.

தப்பாக வாசித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். நேராகக் கீழ்த்தளத்துக்குப் போனேன். பார்மசிக்காரர் கதவைத் திறந்ததும், நுரை எப்படி என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது.

"வித்தியாசம் தெரியக் கூடாதுன்னு தண்ணியிலயும் மருந்துல இருக்கிற அதே நுரைக்கிற பொருளைச் சேர்த்துத்தான் அனுப்பினாங்க மேடம். ரெண்டும் ஒரே மாதிரிதான் நுரைக்கும். ஆனா..." தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "நெஜ மருந்தைக் குலுக்கக் கூடாது, கெட்டுப் போயிடும். உள்ளங்கையில வெச்சு உருட்டி உருட்டி, தூங்குற குழந்தையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி கொண்டுவருவேன். தண்ணிப் பையையும் அப்படியே செய்யணும்னுதான் உத்தரவு. செஞ்சேன்னுதான் நெனச்சேன். அது குலுங்கி நுரைச்சிருக்கு. கைக்குத் தெரியும் போல, அது தண்ணின்னு."

அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. யாரைத் திட்டியும் குருவிக்குப் போன மாதங்கள் திரும்பி வரப் போவதில்லை.

ஜனவரி 27

ஒவ்வொரு குடும்பத்திடமும் டாக்டரே சொன்னார். குருவியின் அம்மா குருவியிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாளாம்.

வக்கீலம்மா என்னைத் தேடிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்போ அவ எப்படி அவ்ளோ நல்லா நடந்தா?"

"நீ சொன்னதை நம்பினா. அதான்."

"நான் சொன்னதாலதான் ஓடி ஓடிக் கழுத்து போச்சா?"

"இல்ல" என்றேன். "இல்லம்மா. நடக்காம இருந்திருந்தாலும் அந்த எலும்பு நெரிச்சிருக்கும். ஸ்கேன்ல நானே பார்த்தேன். நீ சொன்னது அவளுக்கு ஒரு கெடுதலும் பண்ணல."

அட்டை வேண்டியிருக்கவில்லை. அவள் நம்பினாளா? கூம்பில் ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தாள். பிறகு இன்னொன்றை.

பிப்ரவரி 10, செவ்வாய்

குருவிக்கு இன்று முதல் நிஜ மருந்து.

வக்கீலம்மாவின் முறையைப் புதனுக்கு மாற்றிவிட்டார்கள், நாளைக்குத்தான் வர வேண்டும். இன்றே வந்துவிட்டாள், மஞ்சள் பொத்தான் சட்டையில். பார்மசிக்காரர் பையைத் தானே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மாடி ஏறி வந்தார். கறுப்பு உறை இனித் தேவையில்லை. பை பளிச்சென்று தொங்கியது.

குருவி கையை நீட்டிச் சுண்டினாள். பையைத் தாழ்வாகத்தான் மாட்டியிருந்தார்கள், ஆபரேஷனுக்குப் பிறகு கை அந்த அளவுக்கு எட்டுகிறது. மறுபடியும் சுண்டினாள்.

"அக்கா... நுரை வரல."

அவள் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நர்ஸ் எதையோ தேடுகிற மாதிரி இழுப்பறையைத் திறந்தார்.

"வராதுடி" என்றாள் வக்கீலம்மா. "நெஜ மருந்தைக் குலுக்க மாட்டாங்க. அண்ணன் மெதுவா உருட்டிக் கொண்டுவந்திருக்கார்."

"அப்போ முன்னாடி வந்துச்சே?"

வக்கீலம்மா எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஏதாவது ஒரு வாதம் சொல்வாள் என்று நினைத்தேன். அவளுக்கு இல்லாத வாதமா?

"முன்னாடி நான் தப்பா சொல்லிட்டேன்" என்றாள்.

குருவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு புரிந்ததோ. இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாம் புரியும். அழுவாளோ என்று நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். கழுத்துப் பட்டைக்கு மேலே முகத்தை நிமிர்த்தி, என் குரலில், என் அட்டைக் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்:

"நன்றாகச் செய்கிறீர்கள். இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது."

வக்கீலம்மாவின் கன்னத்தில் வழிந்ததை நான்தான் துடைத்தேன், அவளுக்குக் கை எட்டாது. நர்ஸ் குழாயைத் திறந்தார். முதல் சொட்டு விழுந்தது. அடுத்த பிள்ளை காத்திருந்ததால் நான் வராந்தாவுக்குப் போய்க் கூம்புகளை வைத்தேன்.